பட்டமளிப்பு

தர்ஸ்டன் வீதியில் எங்கள் கடை.
இரண்டு போட்டோகொப்பி மெஷின்,
ஒரு லெமினேட்டர்,
மழை பிடித்தால் இருமும் ஒரு பிரிண்டர்.

ஆகஸ்டில் கம்பஸ் பாதி காலி.
மிச்சப் பாதிக்கு வேலையில்லை,
ஆகவே விழா.
எல்லா விழாவும் முதலில் என் கையில்தான் சூடாக வந்து விழும்:
இரத்ததானம், பழைய புத்தகச் சந்தை,
விகாரமகாதேவிப் பூங்காவில் விடிகாலை ஓட்டம்,
மருத்துவ பீடத்தாரின் நாடகம்
(போன வருடமும் இதேதான்,
செத்தவன் மட்டும் வேறு ஆள்).
நூறு பிரதி, இருநூறு பிரதி,
விளிம்பு தட்டி, ரப்பர் போட்டு, மீதி எண்ணிக் கொடுப்பேன்.
ஒன்றுக்கும் போனதில்லை.
ஞாயிறு எனக்குத் துணி துவைக்கிற நாள்.

நோட்டீஸில் மூன்றாவது வரி தமிழ்.
எப்போதும் மூன்றாவது.
ஒன்றில் கால் முறிந்திருக்கும்,
ஒன்றில் கொம்பு தொலைந்திருக்கும்,
அநேகமாய்ப் புள்ளி போதாமல் நிற்கும்.
எனக்கும் போதவில்லை, புள்ளி.
இசட் புள்ளி. தசம் பூச்சியம் நான்கு.
அதனால் கேம்பஸ் மதிலுக்கு
இந்தப் பக்கம் இருந்து
எழுத்துகளுக்குப் புள்ளி போடுகிறேன்.
யாரும் கேட்பதில்லை. அதற்குக் காசும் இல்லை.
ரிஸ்மி நானா மட்டும் சொல்வார்,
"கரண்ட் பில் உன் தமிழுக்கும் சேர்த்துத்தான் வருது, தெரியுமா?"

செவ்வாய்க்கிழமை ஒருத்தி பென் டிரைவோடு வந்தாள்.
நெத்மினி. விரலெல்லாம் பசை,
தலையில் ஒரு துண்டு நீலத் தாள்.
திரையில் திறந்து பார்த்தேன்.
மேலே சிங்களம், நடுவில் ஆங்கிலம்,
அடியில்:

பட்டமளிப்பு விழா
காலிமுகத்திடல், ஞாயிறு மாலை மூன்று மணி
அனைவரும் நூல் கொண்டு வரவும்

சிரித்துவிட்டேன்.
"போன்தான் அப்படிச் சொல்லிச்சு அக்கா," என்றாள்,
அரைத் தமிழில், பயந்து.
காற்றில் விடுவதும் பட்டம்,
கறுப்பு அங்கி போட்டு வாங்குவதும் பட்டம்,
கட்டுகிறதும் நூல், படிக்கிறதும் நூல் என்று
என் அரைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கையில்
தாள்பெட்டி மேல் உட்கார்ந்து
கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திருத்தினேன். பட்டம் விடும் விழா.
இருநூறு பிரதி.
போகும்போது வாசலில் திரும்பி
"என்ன, அக்கா," என்றாள்.
"என்ன?" என்றேன்.
"என்ன, என்ன!" கையசைத்துப் போய்விட்டாள்.
பஸ் தரிப்பில் நிற்கும்போதுதான் உறைத்தது:
அவள் மொழியில் அதற்கு
வாருங்கள் என்று பொருள்.

ஞாயிறு துணி வாளியிலேயே ஊறியது.
வெள்ளவத்தையில் நூறாம் நம்பர் ஏறி
திடலில் இறங்கினால், காற்று
என் சாலைப் பிடித்துக் கேள்வி கேட்கிறது.
வானத்தில் இடமில்லை.
ஒரு மீன், ஒரு வௌவால்,
பத்திரிகைத் தாளில் செய்த ஏழைப்பட்டம் ஒன்று,
வாலில் மரண அறிவித்தல் படபடக்க.
கூட்டத்தில் நெத்மினியைக் காணவில்லை.
தெரியாத பொடியன் ஒருவன்
"அக்கா, ஒரு நிமிஷம்," என்று
நூல்கட்டையை என்னிடம் திணித்துவிட்டு
இறால் வடைக் கியூவில் போய்ச் சேர்ந்தான்.

நான் இதற்குமுன் பிடித்ததில்லை.
அது இழுத்தது. நாய்க்குட்டி மாதிரி இல்லை,
கடனாளி வீட்டு வாசலில் நிற்பவன் மாதிரி
விடாமல்.
விட்டுக் கொடுத்தால் ஏறுகிறது,
இறுக்கினால் குட்டிக்கரணம் போடுகிறது,
சுட்டுவிரலில் நூல் மெல்லிசாய் ஒரு கோடு வெட்டியது.
பக்கத்தில் நின்ற தாத்தா ஒருவர் சிங்களத்தில் ஏதோ கத்தினார்.
"இடது பக்கம்" ஆக இருக்கலாம்.
"என் பட்டத்தை விடு" ஆகவும் இருக்கலாம்.

கியூ நீளம். பொடியன் வரவில்லை.
வராதே என்று நினைத்தேன்.

கைப்பையில், நாலாய் மடித்து,
திருத்துமுன் அடித்த ஒரே ஒரு பிரதி இருக்கிறது.
அதற்கு மட்டும் ரிஸ்மி நானாவிடம்
ஐந்து ரூபா கட்டினேன்.