பன்னிரண்டு

வயிற்றுக்குள் ஒரு கூடாரம் கட்டுகிறோம்.
கம்பம் இல்லை, கயிறு இல்லை,
கரியமில வாயு மட்டும்.
பன்னிரண்டு மில்லிமீட்டர் பாதரசம்.
கீழே போனால் கூரை இடிந்து
குடல் வந்து கேமராவை முத்தமிடும்.
மேலே போனால் மயக்க மருந்து நிபுணர் முகம் சுளிப்பார்.
அந்த எண்ணுக்குக் காவல் இருக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

இது கிளெர்மோன்-ஃபெரான். டயர் ஊர்.
சன்னலுக்கு வெளியே அணைந்த எரிமலைகள் வரிசையாய்,
எல்லாம் வாயை அடைத்துக்கொண்டவை.
எப்படி அடைத்தன என்று
எந்த வரைபடமும் சொல்லவில்லை.
எதிர் மேசையில் திபோ,
பதினோரு ஆண்டு டயர் வால்வு சோதித்தவன்.
இப்போதும் எதைக் கொடுத்தாலும்
தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்
குமிழி வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்பான்.
போன வாரம் தன் சாப்பாட்டு டப்பாவை அமுக்கினான்.
கசிந்தது.

சிக்கல் இதுதான்:
கருப்பையை எடுக்கும் அறுவையில்
கடைசி வெட்டு வட்டமாய் முடியும் நொடியில்
கீழ்வாசல் திறந்துகொள்கிறது.
பிறப்பதற்கென்று இருந்த வழியில்
காற்று பிறந்துவிடுகிறது.
உஸ்ஸ்.
கூடாரம் சரியும், திரை மங்கும்,
ஊதுகருவி கத்தத் தொடங்கும்.
தையல் இன்னும் ஒன்றுகூட விழுந்திருக்காது.

அதற்கொரு தக்கை செய்தோம், சிலிக்கோன் பலூன்.
முதல் மாதிரி முற்றிய கத்தரிக்காய் போலிருந்தது.
மூன்றாவது வழுக்கியது.
ஐந்தாவது தொட்டியில் ஒரு குமிழிகூட விடவில்லை,
திபோ விசிலடித்தான்.
பெண்ணுடல் தொட்டி அல்லவே.
மடிப்பு மடிப்பாய், ஈரமாய்,
ஒருத்திக்கு ஒருத்தி வேறாய் இருக்கும் இடத்துக்கு
நாங்கள் வட்டம் வரைந்துகொண்டிருந்தோம்.

ஏழாவதோடு
ஒரு செவ்வாய்க்கிழமை அறுவை அரங்குக்குப் போனேன்.
சுவரோரம் நின்றேன், எதையும் தொடாமல்.
போர்வை விலகிய இடத்தில் ஒரு பாதம்.
செம்பருத்தி நிற நகப்பூச்சு,
கட்டைவிரலில் பாதி உரிந்திருந்தது.
பெயர் எனக்குச் சொல்லப்படவில்லை.

வட்டம் முடிந்தது.
என் ஏழாவது மூச்சைப் பிடித்து நின்றது,
மூன்று நிமிடம்.
பிறகு ஒருக்களித்துப் புரண்டு
தரையில் வந்து விழுந்தது.
பன்னிரண்டு. ஒன்பது. ஐந்து.
யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை,
அதுதான் கொடுமை.

செவிலி தெயோலிந்தா தவாரிஷ்
ஒரு கையுறையை உதறினாள்,
பஞ்சுத்துணி திணித்தாள்,
மணிக்கட்டில் முடிச்சுப் போட்டு நீட்டினாள்.
டாக்டர் வெர்தியே திரையிலிருந்து கண்ணெடுக்காமல் வாங்கினார்,
பந்தியில் உப்புக் கேட்டவர் வாங்குவது போல.
ஏழு. பத்து.
பன்னிரண்டு.
கூரை எழுந்தது. ஊசி நடக்கத் தொடங்கியது.

கை கழுவுமிடத்தில் கேட்டேன், எப்போதிலிருந்து இப்படி?
"எப்போதும்தான். நீங்கள் கேட்டதில்லையே."
கோபமில்லை அதில்.
முகமூடியைக் கழற்றிக் காபி மெஷினுக்குப் போனாள்.
சில்லறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

எட்டாவது இப்போது மேசையில் கிடக்கிறது,
தொளதொளவென்று,
விரல்களை மறந்துபோன கையுறையாய்.
தொட்டியில் இரண்டு குமிழி விடுகிறது.
திபோவுக்குப் பிடிக்கவில்லை.
காப்புரிமைப் படிவத்தில்
கண்டுபிடித்தவர் என்ற கட்டத்துக்குள்
இரண்டு பெயர் எழுதினேன்.
வழக்கறிஞர் ஒன்றை அடித்து அனுப்பினார்.
மறுபடி எழுதினேன்.
இது மூன்றாம் முறை.

அந்தப் பெண் மறுநாள்
"வயிறு பரவாயில்லை, தோள்தான் வலிக்கிறது" என்றிருப்பாள்.
நிறையப் பேர் சொல்வது.
மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உரசினால்
வலி தோளில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
பிறகு அது இரத்தத்தில் கரைந்து
நுரையீரலுக்கு ஏறும்.
வெளியே விடாமல் நாங்கள் காத்ததில் கொஞ்சத்தை
டிராம் நிறுத்தத்தில் நின்றபடி
அவளே விட்டிருப்பாள்,
குளிரில் வெள்ளையாய்,
யாரையும் கேட்காமல்.