கடைசித் தேதி

படிவத்தில் ஐந்தாவது கேள்வி அது.
மற்றதையெல்லாம் ஒரே மூச்சில் எழுதியவள்
அங்கே பேனாவை நிறுத்தி
ஜன்னலைப் பார்த்தாள்.
வால்டிவியாவில் ஜூலை.
கண்ணாடியில் மழை, மழைக்குப் பின்னால் ஆறு,
மீன்சந்தைப் படியில் கொழுத்த கடல்சிங்கம் ஒன்று
வெட்கமில்லாமல் படுத்திருந்தது.

"கோடையில் வந்திருக்கலாம்" என்றாள்.
எந்தக் கோடை என்று நான் கேட்கவில்லை.

யஸ்னா. இருபத்திரண்டு வயது.
இலகு எடைப் பிரிவில் துடுப்பு வலிப்பவள்.
விலா எலும்பில் மயிரிழை விரிசல், இது இரண்டாவது.
எலும்பு மருத்துவர் ஒரே வரி எழுதி
மருத்துவச்சி என்னிடம் அனுப்பியிருந்தார்:
இவளோடு நீங்கள் பேசுங்கள்.

அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றும்போது கண்டேன்,
முன்கையெங்கும் பூனைமயிர்.
குளிருக்கு உடம்பு தானே நெய்துகொண்டது.
விரல்நுனிகள் நீலம்.
உள்ளங்கைக் காய்ப்பு மட்டும்
இன்னும் யாரோடோ மல்லுக்கு நின்றது.

கருத்தடை பற்றிக் கேட்டேன். சிரித்தாள்.
"அதுதான் வருவதே இல்லையே, எதற்கு?"
இதே நாற்காலியில் இப்படியே சிரித்த ஒருத்தி
ஐந்தாம் மாதம்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.
வராத இரத்தம் காவல் இல்லை, பெண்ணே.
முட்டை முன்னால் வரும்,
இரத்தம் பின்னால்தான் வரும்.

அவனைப் பற்றிக் கேட்கத் தொடங்கி நிறுத்தினேன்.
நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
அமாரோ நல்லவன்.
விளக்கை அணை என்றால் அணைப்பான்.
போர்வையை விலக்காதே என்றால் விலக்கமாட்டான்.
வலிக்கிறது. நான் அவனிடம் சொன்னதில்லை.
முடியும்வரை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன்.

என்ன எண்ணுவாய்?

அன்று தின்றதை.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்கிறோம்.
பத்தாவதாய்ப் பறப்பது எதுவென்று
யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

"குளிர்காலத்தில் உங்கள் வீட்டில்
எத்தனை அறை திறந்திருக்கும்?"
விசித்திரமாய்ப் பார்த்தாள்.
"சமையலறை மட்டும். விறகு பத்தாது.
மே மாதமே அப்பா மற்ற கதவுகளைச் சாத்தி
அடியில் பழந்துணி திணித்துவிடுவார்."

கூரைத் தகரத்தில் மழை தன் பாட்டுக்கு.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள்,
"எந்த அறை முதலில்?"
விருந்தாளி அறை, என்றேன்.
யாரும் வரப்போவதில்லை என்று
உடம்பு முடிவுகட்டிவிடுகிறது.
அடுத்தது படுக்கையறை.
இப்போது சுவர்ப்பலகையைப் பெயர்த்து எரிக்கிறது,
உன் விலாவைக் கேள்.

"பயிற்சியாளர் வேறு மாதிரிச் சொன்னார்.
நின்றுபோனால் பயிற்சி சரியாகப் போகிறதென்று அர்த்தமாம்.
ஆகஸ்டில் தேர்வு. இப்போது என்னால் முடியாது."

அந்த ஆளைத் திட்ட வாய் திறந்தேன்.
திறந்த வாய்க்குள் என் குரலே கிடந்தது.
பத்தொன்பது வருடத்துக்கு முன்,
இந்த வேலைக்கு வந்த புதிதில்,
ஒரு நீச்சல்காரியிடம் சொல்லியிருக்கிறேன்:
விளையாடுகிறவர்களுக்கு அப்படித்தான், பயப்படாதே.
அவள் பெயர்கூட நினைவில்லை.
நிம்மதியாய் எழுந்து போன முதுகு நினைவிருக்கிறது.

யஸ்னாவிடம் அதைச் சொன்னேன்.
வேறு எதைச் சொல்லியிருந்தாலும்
தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள்.
இதற்கு மட்டும் முதல்முறையாக
என் முகத்தைப் பார்த்தாள்.

ஆணுறைகளைப் பையில் போட்டுக்கொண்டாள்.
மனநல மருத்துவர், உணவு ஆலோசகர்,
இரண்டு சீட்டையும் நான்காய் மடித்தாள்.
போவாளா, சொல்லவில்லை.
கதவடியில் கேட்டாள்,
"எல்லாம் திரும்பித் திறக்குமா?"
பெரும்பாலும், என்றேன்.
பெரும்பாலும் என்ற சொல்லை
அவள் எடைபோட்டதைப் பார்த்தேன்.

வாசலில் மழைக்கு ஒதுங்கி
சோப்பாய்ப்பியா பொரிக்கிற வண்டி.
எண்ணெய்ப் புகைக்குள் அவள் நின்றாள்.
ஒன்று வாங்கினாள்.
தின்னவில்லை, இரண்டு கைக்கும் நடுவில் வைத்து
குளிர் காய்ந்துகொண்டிருந்தாள்.

மேஜையில் அவள் படிவம்.
ஐந்தாவது கேள்விக்கு எதிரே
கட்டத்தை மீறிப் பெரிதாக எழுதியிருந்தாள்:
தெரியாது.

திரும்ப ஜன்னலுக்குப் போக நேரமில்லை.
அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.