முந்நூற்றுப் பத்து மில்லியாம்பியர்

ருஸ்தாவி கார்ச் சந்தைக்குப் பின்னால் மூன்றாவது ஷெட் என்னுடையது.
பெயர்ப்பலகை கிடையாது.
கரண்ட்காரி ம்ஸெவினார் எங்கே என்று கேட்டால்
டயர் விற்கிறவன் தாடையால் காட்டுவான்.

பெசாரியோன் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தான்.
மூன்று நாளைக்கு ஒரு காலை செத்துப்போகிறதாம்.
இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று,
ஓர் ஆல்டர்னேட்டர்,
ஒரு பாதிரியார் தெளித்த தீர்த்தம்.
போதாததற்கு மேடு ஏறும்போது எஞ்சின் திக்குகிறது.
வலப்பக்கம் எங்கோ ஒரு கிரீச்.

திக்கல் சுலபம்.
மூன்றாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி ஒன்றில் மாட்டினேன்,
ஒன்றினுடையதை மூன்றில்.
திக்கல் கூடவே குடிபெயர்ந்தால் குற்றவாளி காயில்;
அதே வீட்டில் தங்கினால் வேறு ஆளைப் பிடிக்க வேண்டும்.
குடிபெயர்ந்தது.

மற்றது அப்படியல்ல.
கார் தூங்கினால்தான் கசிவு தெரியும்,
இந்தக் காலத்துக் கார் லேசில் தூங்காது.
திறந்த கதவின் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி
மூடியிருப்பதாக அதை நம்பவைக்க வேண்டும்.
சாவியைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம், ரொட்டிக்கடை ஜன்னலில்
விட்டுவர வேண்டும்.
மீட்டரைக் கோத்துவிட்டு
பேசாமல் உட்கார வேண்டும்.

பெசாரியோனுக்குப் பேசாமல் உட்காரத் தெரியாது.
மச்சான் அமெரிக்க ஏலத்தில் எடுத்த கார் என்றான்.
ஆலங்கட்டி மழை, வெறும் ஒடுக்குகள்தான் என்றான்.
மச்சானைப் பற்றி மேலும் இருபது நிமிடம்.

ஆறாயிரம்.
இரண்டாயிரம்.
தொள்ளாயிரம்.
முந்நூற்றுப் பத்தில் நின்றுவிட்டது.
ஐம்பதுக்குக் கீழே போயிருக்க வேண்டும்.
உள்ளே யாரோ
போர்வைக்குள் கண் திறந்து படுத்திருக்கிறார்கள்.

ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழி;
பிடுங்கித் திருப்பி வைத்தால் வீடே விழித்துக்கொள்ளும்.
மீட்டரின் இரு ஊசிகளையும் ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் வைத்து
மில்லிவோல்ட் பார்த்தேன்.
சுழி. சுழி. சுழி. பெசாரியோனின் இருமல். சுழி.
இருபத்தேழில் ஏதோ ஊர்ந்தது.

இருபத்தேழு என்றால் வலப்பக்க இருக்கை, அதன் அடியில் இருக்கும் பெட்டி.
வாசற்படிப் பிளாஸ்டிக்கை நெம்பினேன்.
ஏழு கிளிப்பில் மூன்று முன்பே உடைந்திருந்தன.
கிரீச் அங்கேதான் குடியிருந்தது.
கார்ப்பெட்டைத் தூக்கினேன்:
மாவு போல மணல்.
கனெக்டரின் பல்லெல்லாம் பச்சை.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், தேவையே இல்லை, தெரியும்.

"ஆலங்கட்டி உப்புக் கரிக்குமா, பெசாரியோன்?"

ரொட்டிக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றான்.
பிறகு சொன்னான்,
ஞாயிற்றுக்கிழமை இதைச் சந்தையில் நிறுத்துகிறேன்.
துடை, கிரீஸ் பூசு, மூடு.
பில்லில் பேட்டரி முனை தளர்வு என்று போடு.

துடைத்தேன், அது என் தொழில்.
மீட்டர் இருபத்திரண்டுக்கு இறங்கியது, கார் நிஜமாகவே தூங்கியது.
ஒரு குளிர்காலம் தாங்கும்; பச்சை திரும்பி வரும்.
பில்லில் "தண்ணீர்" என்று எழுதினேன்.
பேரம் பேசாமல் பணத்தை எண்ணி வைத்தான்.
பில்லை நான்காகக் கிழித்தான்.

பிளாஸ்டிக்கைத் திரும்ப மாட்டப்போகும்போதுதான்
அதன் உட்பக்கம் கண்ணில் பட்டது.
வெள்ளை மார்க்கரில் ஒரு கோடு, அலை அலையாக,
மேலே ஓர் அம்புக்குறி,
மாதத்தை முன்னால் வைத்து எழுதிய தேதி.
கடலுக்கு அந்தப் பக்கம்
இதே போல மண்டியிட்டு யாரோ திறந்திருக்கிறார்.
வாங்குகிறவன் பார்க்கவே போவதில்லை.
அடுத்து மண்டியிடுகிறவருக்காக எழுதிய எழுத்து அது.

என் மார்க்கர் காய்ந்து கிடந்தது.
ஸ்க்ரூடிரைவர் நுனியால் அலைக்குக் கீழே கீறினேன்:
27. 310. இன்றைய தேதி, எங்கள் வழக்கப்படி.
மூன்று புதுக் கிளிப் போட்டேன், கணக்கில் சேர்க்கவில்லை.

கிரீச் போய்விட்டது.
அதற்கு மட்டும் பெசாரியோன்
ஜன்னலை இறக்கி நன்றி சொன்னான்.