எட்டு நாற்பதுக்குக் கேட் போட்டுவிடுவார்கள்

செங்கோட்டை வண்டி சேரன்மகாதேவியைத் தாண்டும்வரை
ஏழு நிமிடம், சில நாள் பத்து.
எஞ்சினை அணைத்துவிட்டு நிற்போம்.
என் முதுகுக்குப் பின்னால் புத்தகப்பை,
பைக்குப் பின்னால் சுபஹரிணி.
தீபாவளி வரைக்கும் பை முன்னால் டாங்க் மேல்தான் இருந்தது.

மெர்சியக்காதான் எப்போதும் ஆரம்பிப்பார்.
"வகுத்தல் வந்ததுலருந்து எங்க வீட்டுல சண்டதான்.
நான் படிச்ச மாதிரி போட்டா தப்பாம்.
விட சரியாத்தானல வருதுன்னா
வழி தப்புங்கான்."
அவர் பின்னால் ஜோஃபின்
தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்,
யாரோ வேறு பையனைப் பற்றிய பேச்சு போல.

ஷமீம் பானு ஸ்கூட்டியில் தொங்கும்
சாப்பாட்டுக் கூடையைத் திருப்பி மாட்டியபடி சொல்கிறார்,
மகள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டுதான் தலை பின்னுகிறாளாம்.
வகிடு கோணல்.
திருத்தப் போனால் கையைத் தட்டிவிடுகிறாள்.
"கோணலாவே போவட்டும்னு விட்டுட்டேன்.
கிளாஸுக்குள்ள போறவரைக்கும்
அந்த வகிட்டையே பாத்துட்டு நிக்கேன்."

உச்சிமாகாளி அதிகம் பேசமாட்டார்.
வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர்,
எந்தச் சட்டை போட்டாலும் தோளில் கறை.
அன்றைக்கு என்னவோ அவராகவே வாயைத் திறந்தார்.
தேர்வு அட்டையில் மகனே
அப்பா கையெழுத்தைப் போட்டுவிட்டானாம்.
டீச்சர் வரச்சொல்லி அட்டையை விரித்துவைத்திருக்கிறார்.
ஜூலைக்கு ஒன்று, ஆகஸ்டுக்கு ஒன்று.
"இதுல எது ஒங்களுது?"

"நான் பய போட்டதத் தொட்டுக் காட்டிட்டேம்வே.
எழுத்தெல்லாம் கோட்டுல ஒழுங்கா நின்னுச்சு.
என்னுதுல 'மா'வுக்குக் கால் விட்டுப்போயிருந்துச்சு."

சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தோம்.
அவரே சிரித்தார், கொஞ்சம் பிந்தி.
"அடிச்சீங்களாண்ணே?"
"எதுக்கு?
அவன் தூங்குனதுக்கப்புறம்
அதப் பாத்து நாலு தடவ எழுதிப் பழகுனேன்."

அப்புறம் ஆறாம் வகுப்புப் பேச்சு.
இந்தப் பள்ளிக்கூடம் அஞ்சோடு சரி.
அம்பாசமுத்திரமா, பாளையங்கோட்டையா,
வேனுக்கு மாசம் எவ்வளவு,
விண்ணப்பம் வாங்க ராத்திரியே வரிசை போடணுமாம்.
யாரோ ஹாஸ்டல் என்றார்கள்.
பத்து வயசுலயா என்றார்கள் யாரோ.
அப்போது பைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:
"யப்பா, நாங்க இங்கனதான் இருக்கோம்."

வண்டி வந்தது.
பேச முடியாத அந்த நேரம் எங்களுக்கு உதவியாக இருந்தது.
பிள்ளைகள் நாலு பேரும் உதட்டசைத்துப் பெட்டி எண்ணினார்கள்.

நான் மட்டும் என் பங்குக்கு எதுவும் சொல்லவில்லை.
சொல்வதற்கு இருந்தது ஒரு கண்ணாடி.
தினமும் என் பைக்கின் இடதுபக்கக் கண்ணாடி மேலே திரும்பியிருக்கும்.
பத்தமடை மெக்கானிக்கிடம் இரண்டு முறை முறுக்கச் சொன்னேன்,
மூன்றாம் முறை அவரைத் திட்டினேன்.
மின்வாரியத்தில் லைன்மேன் நான்,
எந்தத் தெருவில் எந்த ஃப்யூஸ் போகும் என்று எனக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை, இதே கேட்டில்,
பைக்கு மேலாக எக்கி ஒரு கை வந்தது.
கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி
வாயைத் திறந்து பார்த்தாள்.
மேல்வரிசையில் கோரைப்பல் ஆடுகிறது.
விரலால் தொட்டாள். மூடிக்கொண்டாள்.

முதல் பல் விழுந்தபோது
கூரைமேல் எறிய என்னைத் தூக்கச்சொன்னவள்.
எறிந்தது ஓட்டில் உருண்டு திரும்ப எங்கள் மேலேயே விழுந்தது,
மறுபடி தூக்கினேன், மறுபடி.
இந்தப் பல்லைப் பற்றி
இன்னும் அவள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

கேட் ஏறுகிறது.
எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் உறுமுகிறது,
மெர்சியக்கா கையசைக்கிறார், காதில் எதுவும் விழவில்லை.
கண்ணாடி அவள் பக்கமே இருக்கிறது.
பின்னால் வரும் லாரியை
ஹாரன் சத்தம் வைத்துத்தான் கணிக்கிறேன்.