அரைப்புள்ளி

பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக்
கிழியாமல் எடுப்பேன் என்பதால்
என்னைத் தகவல் பாதுகாப்பு அலுவலர் ஆக்கினார்கள்.
காரைக்குடி செக்காலை ரோட்டில் தலைமையகம்,
நகைக்கடன், ஏழு கிளைகள்.
சம்பளம் பழையதுதான்.

திருச்சியில் இரண்டு நாள் பயிற்சி.
ரகசியம், மாறாமை, கிடைத்தல்
என்று பலகையில் மூன்று சொல் எழுதினார்கள்.
எதைக் காப்பது என்று தெரியாமல்
பூட்டு வாங்கப் போகாதே என்றார்கள்.
திரும்பி வந்து பட்டியல் போட்டேன்.

நகைக்குப் பட்டியல் உண்டு,
குன்றிமணி தப்பாது.
யாருடைய தாலி எந்தப் பையில்,
யார் மூன்று தவணை தவறினார்,
யார் வீட்டுக்குச் சொல்லாமல் வைத்தார்,
இதெல்லாம் எங்கே இருக்கிறது?
சர்வரில். மானேஜரின் வாட்ஸ்அப்பில்.
கானாடுகாத்தான் கிளையில்
வடை மடித்த தாளின் பின்பக்கத்தில்.

'உரிமையாளர்' என்று ஒரு கட்டம் போட்டு
ஏழு கிளைக்கும் அனுப்பினேன்.
ஆறில் 'கம்ப்யூட்டர் செக்‌ஷன்' என்று வந்தது.
கம்ப்யூட்டர் செக்‌ஷன் நான்தான்.
ஏழாவதில் ஒரு டீ வளையம்.

இயக்குநர் குழு கூடியது.
பதினான்கு பக்கக் கொள்கை
பணியாரம் ஆறுவதற்குள் கையெழுத்தானது.
ஒருவர் மட்டும் கடைசிப் பக்கம் வரை புரட்டினார்,
விலை போட்டிருக்கிறதா என்று.

பிறகு பதிவுகளை வாசித்தேன்.
பள்ளத்தூர்க் கிளை.
கடனை ஒருவர் பதிய, இன்னொருவர் பார்த்து ஒப்ப வேண்டும்.
பர்மாவில் கடை வைத்தவர்களுக்கே தெரிந்த சங்கதி:
பெட்டியடி எண்ணியதை அடுத்தாள் பார்ப்பார்,
அடுத்தாள் எழுதியதை மேலாள் பார்ப்பார்,
கடலுக்கு இந்தப் பக்கம் முதலாளி தூங்குவார்.

பள்ளத்தூரில் பதிவது அழகுராக்கு.
ஒப்புவது அரு. வெள்ளையப்பன்.
தினம் காலை 9.12க்கு உள்நுழைவு.
பிந்தியதில்லை, விடுப்பு எடுத்ததில்லை,
ஆவணி முடிய.

அவர் பங்குனியில் இறந்துவிட்டார்.
மாலை வாங்கியது நான்தான். ரசீது இருக்கிறது.

நகரக் கோயில் ஏட்டில்
அந்த மாதமே அந்த வீடு அரைப்புள்ளி,
வரி பாதி.
கோயில் கணக்கருக்கு சர்வர் கிடையாது,
மின்விசிறியே சந்தேகம்.
எங்களிடம் அவர் இன்னும் முழுப்புள்ளி.
நூற்று நாற்பத்தொரு நாளில்
அறுநூற்றுப் பன்னிரண்டு கடனை ஒப்பியிருந்தார்.

பஸ் ஏறிப் போய்க் கேட்டேன்.
பணம் குறையவில்லை, பைசா சுத்தம்.
"சார் போன அன்னைக்கே மேல சொல்லிட்டேன்.
ஆள் வரும்னாங்க.
பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்னு வரிசையில நிக்கிறாங்க,
நாளைக்கு வாங்கன்னு சொல்லவா?"
பாஸ்வேர்டு?
"அவரே குடுத்ததுதான். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு,
போன்ல, ஒவ்வொரு எழுத்தா."

பலகையின் மூன்றாவது சொல்லை
அவள் ஒருத்தியாகக் காப்பாற்றியிருந்தாள்.
மற்ற இரண்டும் போய்விட்டன.
இதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
'தவறியவர்' என்பதில் அவள் பெயரை எழுதினேன்,
அழித்தேன்.
'உரிமையாளர்' என்பதில்
கொள்கையில் கையெழுத்திட்டவர்கள் அத்தனை பேரையும்
இனிஷியலோடு எழுதினேன்.
கை நடுங்கத்தான் செய்தது,
என் சம்பளச் சீட்டிலும் அதே கையெழுத்துகள்.

ராத்திரி ஏழரைக்குக் கணக்கை முடக்கினேன்.
கட்டளையின் கடைசியில்
ஒரு அரைப்புள்ளி போட வேண்டும்.
போடாவிட்டால் இயந்திரம்
இன்னும் ஏதோ சொல்லப் போகிறோம் என்று
காத்துக்கொண்டே இருக்கும்.
விரல் அங்கே நின்றது, கொஞ்ச நேரம்.
போட்டேன்.

காலை 9.12.
போனில் பள்ளத்தூர் மானேஜர்.
"என்னம்மா இது,
வெள்ளையப்பன் இருந்தவரைக்கும்
ஒரு பிரச்சினையும் இல்லையே."
பின்னால் வரிசையில் யாரோ குழந்தையை அதட்டும் சத்தம்.
ஆள் எப்போது வரும் என்று கேட்டார்.
குறித்துக்கொண்டேன்,
தேதியோடு, கேட்டவர் பெயரோடு.