எட்டோ மூன்றோ

எங்கள் பள்ளி ஆய்வகத்தில்
எலும்புக்கூடு என்று ஒன்று தொங்கியது.
தாடையும் இடக்கையும் எங்கே என்றார் தணிக்கைக்கு வந்தவர்.
நான் பொறுப்பேற்கும் முன்பே போய்விட்டன என்று
எழுதிக் கொடுத்துவிட்டு
அந்தச் சனிக்கிழமை
கண்டனூரின் பூட்டிய வீடொன்றைத் தேடிப் போனேன்.

பதினேழு பங்காளி, ஒரு சாவி.
சாவி கோயம்புத்தூரில். அனுமதி மலேசியாவில்.
கூகை பார்க்கவா, கூகையையா என்று
வாட்ஸ்அப்பில் மூன்று முறை கேட்டு
எதையும் எடுத்துப் போகக்கூடாது என்றார்கள்.
அது கக்கியதை எடுக்கலாமா என்றேன்.
வெகுநேரம் இரண்டு நீல டிக்.
பிறகு கும்பிடும் கை ஒன்று.

காவலுக்கு இருந்த சாத்தையா
விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு சொன்னார்:
"சாக்குருவி அது. நீங்க பாக்குறது போதாதுன்னு
பிள்ளைகளையும் கூட்டியாறீகளாக்கும்."

மாடிப்படியில் நாலாவதும் ஒன்பதாவதும் இல்லை.
கைபேசியை வாயில் கவ்விக்கொண்டு
சேலையை இழுத்துச் செருகி ஏறினேன்.
பயந்தேன்தான்.
விழுந்தால் மருத்துவ விடுப்புக்கு
என்ன காரணம் எழுதுவது என்று.

உத்தரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே கூடு. எட்டவில்லை.
அடுத்த வாரம் பிரிஸ்கில்லா
அண்ணன் வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி வந்து
ஒட்டடைக்கோல் முனையில்
தலைமுடி ரப்பரால் கட்டினாள்.
(அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது.)
நெடுக்கே அரிந்த ஆப்பிள்கள் மாதிரி
மூன்று முகங்கள்
கண்ணாடிக்குள் திரும்பி
குக்கர் போலச் சீறின.
அரை நிமிடம்.
கோலை இறக்கிவிட்டோம்.

தரையில் கிடந்தவை இருபத்தாறு உருண்டைகள்.
கறுத்து, காய்ந்து, கட்டைவிரல் அளவில்.
வெந்நீர், டீ வடிகட்டி, பழைய பிரஷ், புருவ இடுக்கி.
சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம் டீச்சர் என்றவள்தான்
மூன்றாம் நாள்
மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

விலா, தோள்பட்டை, கால்விரல்,
உளுந்தைவிடச் சிறிய முதுகெலும்பு.
கறுப்பு சார்ட்டில் ஒட்ட ஒட்ட
ஆய்வகத்துக்கு ஒரு முழு எலும்புக்கூடு சேர்ந்தது,
வயலெலியினுடையது.
பதிவேட்டில் விலை என்ற இடத்தில் கோடு போட்டேன்.

எலி அறுபத்தொன்று, மூஞ்சூறு பதினாலு, வௌவால் ஒன்று.
இருபத்திரண்டாவது உருண்டையில்
"டீச்சர், மோதிரம்" என்றாள் நாச்சம்மை.

மோதிரம் இல்லை.
யாரோ எங்கோ
ஒரு பறவையின் காலில் மாட்டிய அலுமினிய வளையம்.
கால் இன்னும் அதற்குள் இருந்தது.
கூகையின் வயிறு எண்களைத் தின்றிருந்தது.
பென்சில் கரி தேய்த்துப் பார்த்தோம். பாதிதான் வந்தது.
அவளோ
அடகுக்கடை அப்பாவின் நகை பார்க்கும் லென்ஸைக் கொண்டுவந்து
ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த விபூதியை
வளையத்தில் தடவி, மெல்ல ஊதினாள்.
பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கியது.
ஒன்று. ஏழு. கடைசியில்
எட்டோ மூன்றோ.

வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.
மும்பைக்கு இரண்டு கடிதம் போட்டோம்,
ஒன்றில் எட்டு, ஒன்றில் மூன்று.

பதில் வர ஏழு மாதம்.
கொசு உள்ளான். எடை இருபத்திரண்டு கிராம்.
சனவரியில் ஒரு விடியலில்
கோடியக்கரை உப்பளத்தில் வலையில் சிக்கி,
வளையம் பூண்டு, விடுபட்டது.
வடதுருவத்து ஓரத்திலிருந்து வருகிற சாதி.
எங்கள் கண்மாய் வற்றிய சேற்றில்
எந்த இரவில் இறங்கியது என்பது
கடிதத்தில் இல்லை.

சாத்தையா இப்போது உருண்டைகளைக் கூட்டித் தள்ளுவதில்லை.
பிஸ்கட் டப்பாவில் போட்டு
மூடியில் சாக்பீஸால் எழுதி வைக்கிறார்:
ஆடி ஒன்பது, மூணு.

நாச்சம்மை காரைக்குடியில்
வணிகவியல் எடுத்திருந்தாள்.
போன் செய்து எட்டு என்றேன்,
வேறெதுவும் சொல்லாமல்.

சற்று நேரம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.
"அய்யோ டீச்சர்,
பிரிஸ்கில்லாவுக்கு நான்
முட்டை பப்ஸ் வாங்கித் தரணுமே."