முப்பத்தொன்றாம் இதழில் ஒரு திருத்தம்

முதல் இதழில் அவனுக்குப் பறக்கத் தெரியாது.
மணவாளக்குறிச்சிக் கரையில்
ஒரு பிடி கருமணலைத் தின்று எழுந்தவன்
ஒரு தென்னை உயரம் துள்ளுவான், அவ்வளவுதான்.
எந்தத் தென்னை, குட்டையா நெட்டையா
என்று கேட்டான் றசல்.
நெட்டை என்று எழுதிக் கொடுத்தேன்.
கருமணலானுக்கு நாங்கள் போட்ட முதல் விதி.

நான்காம் இதழில் பறந்தான்.
றசலுக்குப் பாதம் வரைய வராது.
தரையில் நின்றால் பாதம் வேண்டும்,
வானத்தில் என்றால் ஒரு புகைக்கோடு போதும்.
மணல் உள்ளே வேலை செய்கிறது
என்று வாசகர்கள் எழுதினார்கள்.
கொஞ்ச நாளில் நாங்களும் நம்பிவிட்டோம்.

ஏழில் கண்ணிலிருந்து பச்சை ஒளி.
வடசேரி அச்சகத்தில் மீரான்கண்ணு அண்ணனிடம்
யாருடைய கல்யாண நோட்டீஸுக்கோ வாங்கி மிஞ்சிய பச்சை மை
இரண்டு டப்பா கிடந்தது.
மை தீர்ந்த பதினோராம் இதழில்
வில்லன் ஒருவன் வந்து
அந்தப் பார்வையைப் பிடுங்கிக்கொண்டு போனான்.
போனவன் போனவன்தான்.

பன்னிரண்டில்
மாத்தூர் தொட்டிப்பாலத்தை ஒற்றைக் கையால் தாங்கினான்.
பதினைந்தில் ரப்பர் ஷீட் ஏற்றிய லாரி
மார்த்தாண்டம் சந்தை முக்கில் இடித்து
மூன்று பக்கம் மயங்கிக் கிடந்தான்.
"பாலத்தைத் தூக்கினவனுக்கு லாரி பெருசாக்கும்?"
குலசேகரத்திலிருந்து ஒரு கார்டு.
அன்று அமாவாசை என்று பதில் போட்டேன்.
அப்படித்தான் அவனுக்கு அமாவாசை பிறந்தது.

இதற்கெல்லாம் ஒரு நோட்டு வைத்திருந்தேன்.
எடை, வேகம்,
எத்தனை சுவர் தாண்டிக் காது கேட்கும்.
அடித்து எழுதாத பக்கம் அதில் ஒன்றும் கிடையாது.

அப்புறம் அந்தப் புயல்.
கார்த்திகை. போன வள்ளங்கள் திரும்பாத வாரம்.
இருபத்தெட்டாம் இதழ் கடைக்கு வந்துவிட்டது.
அட்டையில் அவன்
முட்டம் விளக்கின் உச்சியில் நின்று
நகைத் திருடனைத் தேடிக்கொண்டிருந்தான்,
முதுகுப் பக்கம் கடல்.

கடிதம் வள்ளவிளையிலிருந்து.
ஆன்சிலின் ஷைனி, எட்டாம் வகுப்பு, பி பிரிவு.
"கருமணலான் ஏன் கடலுக்குப் போகவில்லை?
அவருக்கு உடம்பு சரியில்லையா?"

தக்கலையில் றசலின் பிளெக்ஸ் கடை மாடியில்
விடியும்வரை கட்டஞ்சாயா.
உப்புத்தண்ணி பட்டா கரைஞ்சிருவான்னு வைப்போம், என்றான்.
மணல் கரையுமா டே?
நீ எழுதினா கரையும்.

எழுதினேன். முப்பதாம் இதழ், கடைசிப் பக்கம், கட்டம் கட்டி:
கருமணலானின் ஒரே பலவீனம் கடல்.
கதைக்குக் கொள்ளாம்.
அவனையும் எங்களையும்
ஒரே வரியில் கரையேற்றிய விதி.

மூன்றே வாரத்தில் அடுத்த கடிதம்.
ஒன்பதாம் இதழின் பதினான்காம் பக்கத்தைக்
கிழித்து ஒட்டியிருந்தாள்.
சுறாவோடு மல்லுக்கட்டி
அவன் தேங்காய்ப்பட்டணம் கரைக்கு நீந்தி வருகிறான்,
பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி.
"இதில் ஏன் கரையவில்லை?
எங்கள் வீட்டில் இரண்டு பேர் வரவில்லை.
அதற்காகக் கேட்கவில்லை.
கதை சரியாக இருக்க வேண்டும்."

நோட்டை எடுத்தேன்.
அமாவாசை இருந்தது. பச்சை மை இருந்தது.
மறதி நோய், இன்னொரு உலகம், இரட்டைப் பிறவி,
ஆபத்துக்கு என்று எழுதிவைத்த எல்லாம் இருந்தன.
எதை எடுத்தாலும்
அந்தப் பிள்ளை பக்க எண்ணோடு வருவாள்.

முப்பத்தொன்றில் இப்படிப் போட்டோம்:
"சென்ற இதழில் கடல் கருமணலானின் பலவீனம்
என்று வெளியாகியிருந்தது. தவறு.
அவனுக்கு நீந்தத் தெரியும்.
அன்று அவன் போகவில்லை."

கீழே ஒரு படம், வசனம் கிடையாது.
அலை தொடும் இடத்தில் அவன் நிற்கிறான்.
நிற்பதால் பாதம் வரைந்தாக வேண்டும்.
றசல் தன் காலையே முன்னால் நீட்டிவைத்து
இரண்டு நாள் மெனக்கெட்டான்.
இடது பெருவிரல்
இப்போதும் கொஞ்சம் கோணல்தான்.